கட்டிலுக்குக் கீழே தணல்

உதயரூபன் நெருப்பை நம்பிப் பிழைக்கிறவன். வயது முப்பத்திநான்கு. கிரானிலிருந்து சைக்கிளில் போய், ஓட்டமாவடிப் பக்கத்தில் மஜீட் முதலாளியின் நெல் மில்லில் பொயிலர் பார்க்கிறான். நெல் அவிக்க நீராவி கொடுக்கும் அந்தப் பெரிய இரும்புக் கொதிகலனுக்கு உமிதான் தீனி. உமியை அள்ளிக் கொட்டினால் எரிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் அவனுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கறுப்புப் புகை குமுறும். கொஞ்சம் குறைந்தால் சூடு இறங்கி நெல் அரை அவியலில் நின்றுவிடும். அவனுக்கு அது கைப்பழக்கம். வாயால் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் தடுமாறுவான்.

அவன் வேலைக்குச் சேர முன்னர் அந்த மில்லுக்கு அயலில் நல்ல பெயர் இருக்கவில்லை. காயப்போட்ட உடுப்பெல்லாம் கரி, பிள்ளைகளுக்கெல்லாம் இழுப்பு என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலாளியோடு சண்டைக்கு வருவார்கள். உதயரூபன் தகரத்தை வளைத்து ஒரு பீலி செய்தான். உமி குவியலாக விழாமல் தூறலாக விழும்படி அதைப் பொருத்தினான். காற்றுப் போகும் வாயையும் கொஞ்சம் அகலமாக்கினான். மூன்று மாதத்தில் புகை வெளுத்தது. உமியும் முன்பு எரிந்ததில் முக்கால்வாசிதான் எரிந்தது. சண்டைக்கு வந்த பெண்களே மிஞ்சிய உமியைக் கோழிக்கூட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். மஜீட் முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகைக்கூண்டைக் காட்டி, மில் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல முடிகிறதா பாருங்கள் என்பார். அந்த நேரத்தில் உதயரூபன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உமியைக் கிளறுவான். சிரிப்பை மறைக்கத்தான்.

பெருமைப்பட வேண்டிய காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு பிழையும் சேர்ந்து வளர்ந்தது. புகை இல்லாத நெருப்பு நல்ல நெருப்பு என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான்.

பாவம், அவனுக்குத் தெரியாது என்று சொல்லி விட்டுவிடவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு மழை நாளில் மூட்டை தூக்கும் சிவதர்ஷன், சாரல் அடிக்கிறதென்று பொயிலர் அறையின் ஷட்டரை இறக்கிவிட்டு, தணல் குழிக்குப் பக்கத்தில் மத்தியானத் தூக்கம் போட்டான். அங்கே புகை என்று ஒரு நூல்கூட இருக்கவில்லை. ஆனாலும் உதயரூபன் போய்ப் பார்த்தபோது அவனை எழுப்ப முடியவில்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் கண் திறந்தான். அன்று முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பூட்டிய அறைக்குள் தணல் ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் சொன்னவன் உதயரூபன்தான். இனி யாரும் இறக்காதபடி ஷட்டரைக் கம்பியால் கட்டி வைத்தவனும் அவன்தான்.

வேலை முடிந்ததும் காக்கிக் காற்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருவான். அந்த அறிவையும் அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தான் போலிருக்கிறது. மில்லில் நெருப்பு என்றால் அவனுக்குத் தொழில். வீட்டில் நெருப்பு என்றால் அது கவனிப்பு, அன்பு, முறை. இரண்டும் ஒரே நெருப்பு என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வீடு என்று சொன்னது மனைவி தனுஷாவின் வீட்டை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் போவான். தனுஷாவின் தாய், தனுஷா பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே செத்துப்போனாள். அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவள் குவைத்தில். ஐந்து வருடம் பிள்ளை இல்லாமலிருந்து தனுஷா முழுகாமலிருக்கிறாள் என்றதும் தெருவில் முதலில் எழுந்த கேள்வி, யார் இவளுக்குப் பேறு பார்ப்பது என்பதுதான். தாயில்லாத பிள்ளை, தாயில்லாத பிள்ளை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அந்தச் சொல் தனுஷாவைக் குத்தியதைவிட உதயரூபனைத்தான் அதிகம் குத்தியது. துடக்குக் கழிகிற முப்பத்தொரு நாளையும் நானே பார்க்கிறேன், ஒரு குறையும் வராது என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டான். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறிக்கு அரைக்கப் பழகினான். பால்சுறா வாங்கி வறுக்கப் பழகினான். நொச்சியும் பாவட்டையும் போட்டுத் தண்ணீர் காய்ச்சப் பழகினான். ஆண்பிள்ளை அம்மியில் குந்தியிருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிக்க, அவன் அரைத்துக்கொண்டே இருந்தான்.

அந்தப் பகுதிக்கு மருத்துவமாது வதனி. மழையோ வெயிலோ, ஸ்கூட்டரில் வீடு வீடாக வருகிற மனுசி. வயது நாற்பத்தைந்துக்கு மேல். கிளினிக்கில் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னாள்: தாயும் பிள்ளையும் கிடக்கிற அறைக்குள் தணல் சட்டி வைக்கக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குளிர் என்றால் பிள்ளைக்கு இரண்டு சட்டை போட்டு, தொப்பி போட்டு, தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தால் போதும். உதயரூபன் ஒவ்வொன்றுக்கும் ஓம் மிஸ்ஸி, ஓம் மிஸ்ஸி என்று தலையாட்டினான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற தகப்பன்மார் எத்தனை பேர் என்று மற்றத் தாய்மாரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

கார்த்திகைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. ஒப்பரேஷன். வீட்டுக்கு வந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வயல் வட்டையெல்லாம் வெள்ளம் பரவி, வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் கிடந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. சுவர் வியர்த்தது. பிள்ளையின் துணி ஒன்றும் காயவில்லை. தனுஷாவுக்குக் குளிரில் தையல் வலித்தது. பிள்ளையின் உள்ளங்கால் ஐஸ் போலக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை குடையோடு வந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"பச்சை உடம்புக்கு ஒரு தணலும் வைக்கல்லையா மனே? தாய் இருந்தா இப்படிக் கிடக்க விட்டிருப்பாளா?"

அவ்வளவுதான் சொன்னாள். குடையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பின்னேரம் உதயரூபன் மில்லிலிருந்து வரும்போது சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பால்மா டின் தொங்கியது. உள்ளே உமித் தணல். சாம்பலால் மூடி வைத்தால் மணிக்கணக்காகச் சிவந்து கிடக்கும். சுவாலையும் வராது, புகையும் வராது. வீட்டில் ஒரு மண்சட்டியில் சிரட்டைக்கரியைப் பரப்பி, அதன் மேல் தணலைக் கொட்டி, அறைக்குள் வைத்தான். மூக்கைச் சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தான். புகை இல்லை. தனுஷாவையும் பார்க்கச் சொன்னான். மிஸ்ஸி வேண்டாமென்றது புகையைத்தான், இதில் புகையே இல்லையே என்று அவளுக்கு விளக்கமும் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அறை கதகதத்தது. பிள்ளையின் கால் சூடானது. தனுஷா வலி மறந்து தூங்கினாள். உதயரூபன் வாசற்படியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கண் கலங்கியது.

முதல் நாள் ஜன்னலைச் சாடையாகத் திறந்து வைத்திருந்தான். இரண்டாம் நாள் சாரல் உள்ளே அடித்தது, பூட்டினான். கதவுக்குக் கீழே ஈரக்காற்று வந்தது, உமிச் சாக்கொன்றை மடித்துச் செருகினான். மூன்றாம் நாள் காலை பத்து மணியிருக்கும். சட்டியில் புதுத் தணல் போட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, வாசலில் வதனியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வெள்ளத்தில் இன்றைக்கு வரமாட்டாள் என்று நினைத்திருந்தான். அந்த அறைக்கு ஒரே வாசல். அந்த வாசலால் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அவளுடைய முகத்துக்கு நேரே போக வேண்டும். உதயரூபன் சட்டியைக் காலால் தள்ளிக் கட்டிலுக்குக் கீழே விட்டான். விரிப்பை நிலத்தில் முட்ட இழுத்துவிட்டான். தனுஷா அவனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வதனி மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். பால் குடிக்கிறதைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். அறை நல்ல கதகதப்பாக இருக்கிறதே, நெருப்பு ஏதும் வைத்தீர்களா என்று கேட்டாள்.

"பொயிலர்காரன்ட வீட்டில வைப்பமா மிஸ்ஸி?" என்றான் உதயரூபன்.

அவள் சிரித்தாள். கொப்பியைத் திறந்து, அறையில் நெருப்பு இல்லை என்று எழுதினாள். பிறகும் கனநேரம் இருந்து தனுஷாவோடு கதைத்தாள்; தாயில்லாத பிள்ளை என்று அவளுக்கும் ஒரு கரிசனை. எழும்பப் போனவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்தது பிழையாகிவிட்டது, தலையிடிக்கிறது, ஒரு குளிசை இருந்தால் தா தம்பி என்றாள். உதயரூபன் குளிசை எடுத்துக் கொடுத்தான். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் குளிசையை விழுங்குகிறதை நின்று பார்த்தான்.

அந்த நேரத்தில் அவனுக்குச் சிவதர்ஷனின் ஞாபகம் வந்தது. வராமலில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு மில் வாசலில் கிடந்த சிவதர்ஷன் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றான். உதயரூபன் வெட்கப்பட்டுக் கூசுகிற இடம் இதுதான். சட்டியை ஒளித்தது அவசரத்தில் நடந்தது. அதை யாருக்கும் சொல்லிவிடலாம். தெரிந்துகொண்டே குளிசை கொடுத்ததை எந்த வாயால் சொல்வது?

அவள் போனதும் சட்டியை முற்றத்துக்கு எடுத்தான். பாதித் தணலை மழையில் கொட்டினான். மிச்சத்தையும் கொட்டக் கையைத் தூக்கியவன் நின்றுவிட்டான். எல்லாவற்றையும் கொட்டினால், அந்தத் தலையிடி எதனால் வந்தது என்று அவனுக்குத் தெரியும் என்றாகிவிடும். பாதியோடு திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தான். வதனி கொஞ்சமாகத் திறந்துவிட்டுப் போயிருந்த ஜன்னலையும் பூட்டினான். பிறகு மில்லுக்குப் போனான்.

மூன்று மணிக்குச் சீதேவிப்பிள்ளை ஃபோன் எடுத்தாள். தனுஷா வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறாள், பிள்ளை மத்தியானத்திலிருந்து பால் குடிக்கவில்லை, தூக்கினால் துணி மாதிரித் தொங்குகிறது என்றாள். உதயரூபன் நனைந்துகொண்டு ஓடினான். ஓட்டோ வெள்ளத்துக்குள்ளால் உறுமி உறுமிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது.

வாட்டில் இளவயது டொக்டர் ஒருத்தி. பிள்ளையின் பாதத்தில் ஒட்சிசன் பார்க்கிற சிறிய கருவி ஒன்றை மாட்டினாள். அது நல்ல எண்ணைக் காட்டியது. பிள்ளையின் நிறமும் சிவப்பாகத்தான் இருந்தது. மூச்சில் குறையில்லையே, ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அவளுக்குக் குழப்பம். காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததா, விழுந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்து, வீட்டில் நெருப்பு, கரி, புகை ஏதும் வைத்தீர்களா என்றும் கேட்டாள்.

"இல்ல டொக்டர்," என்றான்.

ஏன் சொன்னான் என்று பிறகு எத்தனையோ தரம் தன்னையே கேட்டுப் பார்த்தான். சுற்றிவரத் தாய்மார் நின்றார்கள். அதில் ஓட்டமாவடிப் பெண் ஒருத்தி, இவர் எங்கள் பக்கத்து மில்லில் பொயிலர் பார்க்கிறவர் என்று அப்போதுதான் தாதிக்குச் சொல்லியிருந்தாள். காலையில் வதனிக்குச் சொன்ன பொய் வேறு தொண்டைக்குள் நின்றது. இப்போது ஓம் என்றால் அதுவும் சேர்ந்தல்லவா வெளியே வரும். பக்கத்துக் கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருந்த தனுஷா அரைக்கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். வாய் திறந்து சொல்லுகிற நிலையில் அவள் இல்லை.

கிருமி ஏதோ ஏறியிருக்க வேண்டும், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் முடிவெடுத்தாள். தகப்பனின் கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார்கள். உதயரூபன் கையெழுத்து வைத்தான். திரைச்சீலை முழுதாக மூடவில்லை. இடைவெளியால் தெரிந்தது. தாதி ஒருத்தி பிள்ளையை இறாலைப் போல வளைத்துப் பிடித்திருந்தாள். ஊசி இறங்கியது. பிள்ளை அழவில்லை. பதினைந்து நாள் பிள்ளை, முதுகில் ஊசி குத்தியும் அழவில்லை. கல்லும் வாய் திறந்திருக்கும். அவன் திறக்கவில்லை.

எடுத்த நீர் தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து டொக்டரின் முகம் இன்னும் சுருங்கியது. அந்த நேரத்தில்தான் வதனி வந்தாள். சீதேவிப்பிள்ளை அவளுக்கும் ஃபோன் எடுத்திருக்கிறாள். நனையாமல் பொலித்தீனில் சுற்றிய கொப்பியோடு, மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். வந்ததும் உதயரூபனின் கையில் ஒரு பிஸ்கட் பக்கற்றை வைத்து, நீ சாப்பிட்டிருக்க மாட்டாய், சாப்பிடு என்றாள். டொக்டர் அவளிடமும் நெருப்பைப் பற்றிக் கேட்டாள்.

"இண்டைக்குக் காலையிலதான் பார்த்தன் டொக்டர். புள்ள நல்லாப் பால் குடிச்சது. அறைக்குள்ள நெருப்பு ஒண்டும் இல்ல, நான் எழுதியும் வைச்சிரிக்கன்." கொப்பியைப் பிரித்துக் காட்டினாள். "இந்தத் தம்பி நெருப்போட வேலை செய்யிறவர். நமக்கே சொல்லித் தரக்கூடியவர். அவர் வைக்க மாட்டார்."

பிஸ்கட் பக்கற் உதயரூபனின் கையில் நொறுங்கியது.

"கட்டிலுக்குக் கீழ இருந்தது மிஸ்ஸி," என்றான்.

"என்ன இருந்தது?"

"தணல் சட்டி. நீங்க அதுக்கு மேலதான் இருந்தீங்க."

டொக்டர் ஒரு கணமும் நிற்கவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் போடச் சொல்லிக்கொண்டே கட்டிலடிக்கு ஓடினாள். முகமூடியை மாட்டியபடி, திரும்பிப் பார்க்காமல், தணல் நஞ்சு ஏறினாலும் அந்தக் கருவி நல்ல எண்ணைத்தான் காட்டும், ஊசிக்கு முதலே சொல்லியிருக்கலாமே என்றாள். ஏசவில்லை. சும்மா சொன்னாள். வதனி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது.

"எனக்குத் தலையிடிச்ச நேரமே உனக்குத் தெரியுமா தம்பி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதை யாரும் நம்பியிருப்பார்கள்.

"தெரியும்," என்றான் உதயரூபன்.

அவள் கொப்பியைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றினாள். சுற்ற நெடுநேரம் எடுத்தது.

பொழுதுபடுகிற நேரத்தில் பிள்ளை சிணுங்கியது. பிறகு வாட்டே கேட்க அழுதது. மறுநாள் தனுஷாவுக்கும் தலை தெளிந்தது. பிள்ளை தப்பிவிட்டது, ஆனால் மூளைக்கு ஏதும் நடந்திருக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. சிரிக்கிறதா, கழுத்து நிற்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாள். அன்றிலிருந்து உதயரூபன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற பார்வை மற்றத் தகப்பன்மார் பார்க்கிற பார்வை இல்லை. கண்ணை இமைத்தாலும் பயம், இமைக்காவிட்டாலும் பயம். தனுஷா அவனைக் குற்றம் சொல்லவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதானே கிடந்தேன் என்று ஒருநாள் சொன்னாள். அவள் ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மேலிடத்தில் வதனியிடம் விளக்கம் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவளைத் தேடிப் போனான். பிழை தன்னுடையது என்று எழுதித் தருகிறேன் என்றான். வதனி வேண்டாமென்றாள். நீ பொய் சொன்னது உன்னுடைய பிழை, குனிந்து பாராமல் எழுதியது என்னுடைய பிழை என்றாள். அவனுக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது.

மில்லில் மஜீட் முதலாளி இப்போதும் ஆட்களைக் கூட்டி வந்து புகைக்கூண்டைக் காட்டுகிறார். உதயரூபன் அந்த நேரம் உமிக் களஞ்சியத்துக்குப் பின்னால் போய்விடுகிறான். தணலை ஒருவருக்கும் கொடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் ஏன் என்று சொல்கிறான், முழுதாகச் சொல்கிறான். குளிசை கொடுத்த இடம் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

தை மாதம் வெயில் திரும்பியது. பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்த கையோடு வதனி வீட்டுக்கு வந்தாள். ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. பிள்ளை கட்டிலில் கிடந்து, ஆடுகிற துணியைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. வதனி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், ஆனால் உட்காரவில்லை. இரண்டு முழங்காலையும் நிலத்தில் ஊன்றி, விரிப்பைத் தூக்கி, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கிரானில் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் இப்படித்தான் செய்கிறாளாம். முழங்கால் வருத்தக்காரி, எழும்பும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவாள் என்று பெண்கள் சொல்ல உதயரூபன் கேட்டிருந்தான்.

கீழே ஒரு சூட்கேசும் ஒரு சோடிச் செருப்பும்தான் கிடந்தன. அங்கே ஒன்றும் இல்லை மிஸ்ஸி என்று சொல்ல உதயரூபன் வாயெடுத்தான். சொல்லவில்லை. வதனி சூட்கேசைக் கையால் ஒதுக்கி அதற்குப் பின்னாலும் பார்த்தாள். பிறகு கட்டில் காலைப் பிடித்து மெல்ல எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் எடுத்தாள். பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். கொப்பியைத் திறந்து, அறையில் நெருப்பு இல்லை என்று எழுதினாள். அவனிடம் கேட்கவில்லை.